கவிழ்த்துப் பார்த்த முக்கோணம்

செவ்வந்தியின் அய்யா இருளாண்டி சொன்ன சொல் மாறாதவர். ஊருக்கு அது நல்ல குணம். மகளுக்கு அதுவே பயம். "மாதிரிப் பாடத்துல பாஸானியா, வேலைக்குப் போ, நான் குறுக்க நிக்கல. பெயிலானியா, அங்கனயே என்கூட பஸ் ஏறிரு. ஆவணியில கல்யாணம்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். பரீட்சையன்று ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தும் விட்டார். எந்த முடிவென்றாலும் கையோடு தெரிந்துகொண்டு போகும் உத்தேசம்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். மாதிரிப் பாடம் என்றால் பரிசோதகர் முன்னால், நிஜமான எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். உடன் படிக்கிறவர்கள் பின்பெஞ்சில் இருந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக்கூடாது, சைகை காட்டக்கூடாது. காட்டினால் காட்டியவளின் மார்க்கில் கை வைப்பார்கள்.

செவ்வந்திக்கு விழுந்த பாடம் வடிவொத்த முக்கோணங்கள். தேற்றத்தைப் பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை மூன்று தடவை கத்தச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் பாஸாகிறார்கள். புதுசாக நடத்திக் காட்டும் ஆசை இவளை விடவில்லை. இரண்டு முக்கோணங்களை அட்டையில் வெட்டினாள். சின்னது வெள்ளை, பெரியது சிவப்பு. சின்னதை நகர்த்த வேண்டும், சுழற்ற வேண்டும், பெரியதன் மூலையில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் சின்னது பெரியதாகவே ஆகிவிடும். அப்படி ஆனால் இரண்டும் வடிவொத்தவை. அவ்வளவுதான் பாடம்.

கோளாறு அவள் வீட்டுப் பழக்கத்தில் இருந்து வந்தது. புதுச்சேலை எடுத்தால் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் பெட்டியில் வைக்கிற வீடு அது. நல்ல பக்கத்தில் ஒரு கறை, ஒரு கோடு படக்கூடாது. அதே கையால் சிவப்பு அட்டையையும் குப்புறப் போட்டு, சாயம் இல்லாத பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டினாள். முதல்நாள் சாயங்காலம் அப்படியே குப்புற வைத்துச் சின்னதைப் பொருத்தியும் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வகுப்பில் சிவப்பு அட்டையை நல்ல பக்கம் தெரியும்படி பலகையில் குத்தினாள். சின்னதை எடுத்தாள், நகர்த்தினாள், சுழற்றினாள், மூலையில் வைத்தாள். மூலை பொருந்தியது. ஆனால் அடிப்பக்கம் பெரியதன் அடிப்பக்கத்துக்கு இணையாகப் போக வேண்டியது, சாய்ந்துகொண்டு எங்கோ போயிற்று.

"டீச்சர், கோணலாப் போகுது" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. கண் இருக்கிற பிள்ளைதான், சொல்லத்தான் செய்யும்.

அடுத்த மூலையில் வைத்தாள். அங்கேயும் கோணல். மூன்றாவது மூலையிலும் அதே கதை. சிவப்பு அட்டையைத் திருப்பிப் போட்டதால் முக்கோணமே இடம் வலம் மாறிக்கிடக்கிறது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. பரிசோதகர் செல்லச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வேப்பமரத்தடித் துண்டும் ஆவணி மாதமும் செவ்வந்தியின் கண்ணில் வந்து நின்றன.

அப்போதுதான் பின்பெஞ்சில் நஃபீசாவைப் பார்த்தாள். புதுமடத்துப் பெண். இரண்டு வருஷமாக விடுதியில் ஒரே அறை. நஃபீசாவுக்கு மறுநாள் பரீட்சை. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தன்னை நோக்கி விரித்துப் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்றை நகர்த்தி மற்றதன் பின்னால் ஒளித்தாள். கட்டைவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு ஒரு கையைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பி மற்றதன் மேல் கவிழ்த்தாள். விரலோடு விரல் சேர்ந்தது.

செவ்வந்திக்கு உயிர் வந்தது. வெள்ளை முக்கோணத்தைக் கவிழ்த்து மூலையில் வைத்தாள். அடிப்பக்கம் அடிப்பக்கத்துக்கு இணையாகப் போய் நின்றது.

"பிள்ளைகளே, இடது கையும் வலது கையும் ஒரே வடிவம்தானே? மேசைமேல் வைத்து எவ்வளவு நகர்த்தினாலும் சுழற்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. கவிழ்த்தால் உட்காரும். கவிழ்ப்பதால் பக்கத்தின் நீளம் மாறுமா? கோணம் மாறுமா? செய்து பாருங்கள்" என்றாள்.

நாற்பது பிள்ளைகளும் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்தார்கள். வகுப்பு முழுக்கப் பரிசோதகரைக் கும்பிடுவது போலிருந்தது. அவரும் பழக்கத்தில் கையைத் தூக்கப் போய், அடக்கிக்கொண்டார்.

பிறகு மூலையில் குத்திய ஊசியில் ஒரு நூலைக் கட்டி, சின்னதன் விளிம்பு வழியாகப் பெரியதன் அடுத்த மூலை வரை இழுத்து அளந்தாள். இரண்டு மடங்கு. மறுபக்கமும் இரண்டு மடங்கு. அடிப்பக்கத்தையும் பிள்ளைகளே அளந்து இரண்டு மடங்கு என்று கூவினார்கள். யாரும் கத்தச் சொல்லவில்லை.

பிள்ளைகள் வெளியே போனதும் செல்லச்சாமி கேட்டார். "உன் பாடக்குறிப்புல நகர்த்துறது இருக்கு, சுழற்றுறது இருக்கு, பெரிசாக்குறது இருக்கு. கவிழ்க்கிறது எங்கம்மா இருந்து வந்துச்சு?"

தனக்கே தோன்றியது என்றால் வேலை முடிந்தது. ஆனால் அது நஃபீசா கொடுத்தது. அதைத் தன்னது என்று சொல்ல நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் தலை உருளும். செவ்வந்தி அளந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் கை காட்டுனேன்" என்று பின்பெஞ்சில் நஃபீசா எழுந்துவிட்டாள். "அவ மார்க்கக் குறைச்சிராதீங்க."

"அட்டையத் தப்பா வெட்டுனது நான் சார். அவளுக்கு நாளைக்குப் பரீட்சை. அவ மார்க்கக் குறைச்சிராதீங்க" என்று செவ்வந்தி அழுதேவிட்டாள்.

செல்லச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சைகைக்கு உனக்கு அஞ்சு மார்க் போச்சும்மா. அட்டைய ஒழுங்காப் பாக்காததுக்கு இவளுக்கு அஞ்சு போச்சு. மிச்சத்துல இவ பாஸ். நீ நாளைக்குப் பாத்து நடத்து."

செவ்வந்தி வாசலுக்கு நஃபீசாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள். அய்யாவிடம் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். முக்கோணம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அஞ்சு மார்க் நன்றாகப் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போடப் போனவர், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நஃபீசாவைப் பார்த்தார்.

"தாயி, உம் மார்க்க எடுத்து எம்மகளுக்குக் குடுத்திருக்க. எங்க வீட்ல இத யாரும் மறக்க மாட்டோம்" என்றார். அவர் மறக்க மாட்டேன் என்றால் மறக்க மாட்டார்.

நஃபீசா வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, நீ பொட்டிய எடுத்துக்கிட்டு வா. பாஸான சந்தோஷத்த ஆத்தாட்ட சொல்ல வேணாமா?" என்றார் மகளிடம்.

"நீங்க போய்ச் சொல்லுங்கய்யா. நான் நாளைக்கழிச்சு வாரேன். ராத்திரி அவ அட்டையெல்லாம் ரெண்டு பக்கமும் வச்சுப் பாக்கணும். நாளைக்கு அவ பாடம் நடத்தயில பின்பெஞ்சுல நான் இருக்கணும்."

சொன்ன சொல் மாறாத இருளாண்டி கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இரு. ஆனா கைய மட்டும் மடியில வச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குத் தனியாக நடந்தார்.