அக்காள் வாசலில் கவிழ்ந்த பாத்திரம்

விகாரையின் முன்மண்டபத்தில் அன்று காலை இருந்தவர்கள் ஆறு பேர். சுவரோரம், சற்றே உயர்ந்த பலகையில் பிக்கு. அவருக்கு வலப்பக்கம் நாற்காலியில் கமிட்டித் தலைவர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரில் நின்றால், பிரம்படி வாங்கிய என் உள்ளங்கை இன்னும் கூசும். அந்த நாற்காலியை ஒட்டித் தரையில் ஸ்டோர்காரர். விகாரையின் சமையலறையும் பண்டக அறையும் அவர் பொறுப்பு. எதிரே பாயில் என் அக்காள். அவளை விட்டுத் தள்ளி, எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக, வாசற்படி அருகே என் அத்தான். ஜன்னலடியில் சாய்வு மேசையோடு நான். விகாரையின் கடிதங்களை எழுதுவது என் வேலை.

கூட்டம் எதற்கு என்பது தெருவுக்கே தெரியும். முந்தின வாரம் பிக்கு பிச்சைக்கு வந்தபோது அக்காள் வழக்கம்போலச் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். அவரும் நின்றார். பாத்திரத்தின் மூடியை எடுத்தார். பிறகு பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எங்களிடையே அதற்கு ஒரே பொருள்தான்: இந்த வீட்டுச் சோறு பிக்குகளுக்கு ஆகாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பாத்திரத்தில் சோறு இட்டவள் அக்காள். கரண்டியும் கையுமாக அவள் நின்றதை எதிர்வீட்டு மாடியிலிருந்துகூடப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்கியது இந்தக் கூட்டத்துக்காகத்தான்.

தனக்கு வேண்டியதை அவள் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

“எந்த வாசல்ல கவுந்துச்சோ அந்த வாசல்லயே நிமிரணும், சாமி. அன்னிக்கு மாதிரியே எல்லாரும் பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“உன் மேல எனக்கு வருத்தம் இல்லம்மா” என்றார் பிக்கு. “உன் வீட்டுக்காரர் விக்கிறது விஷம். ஆயுதம், உயிர், இறைச்சி, மது, விஷம், இந்த அஞ்சு வியாபாரமும் ஆகாதுன்னு இல்லறத்தாருக்குச் சொல்லியிருக்கு. எத்தனையோ தடவை சொல்லியனுப்பினேன். கேட்டாரா?”

அத்தான் கடையில் பூச்சி மருந்தும் எலி மருந்தும்தான் சரக்கு. அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு அல்ல.

“பூச்சி தின்னாம விட்ட நெல்லுதான் சாமி உங்க பாத்திரத்துல சோறா விழுது. திங்கும்போது அது விஷமாத் தெரியலையா?”

“குரலத் தாழ்த்திப் பேசுய்யா” என்றார் தலைவர். “இது உன் கடை இல்ல.”

“கடையா இருந்தா நீங்க பின்பக்கமா ஆள் அனுப்பியிருப்பீங்க, சார்.”

ஸ்டோர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மண்டபத்தில் காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

“என்ன சொல்றார் இவர்?” என்று கேட்டார் பிக்கு.

“அவரையே கேளுங்க” என்று ஸ்டோர்காரரை நோக்கி மோவாயை நீட்டினார் அத்தான். “உங்க அரிசி மூட்டைக்கு அடியில மருந்து வெச்சது யாரு? எங்க கடை மருந்து. இந்தக் கையாலதான் மடிச்சுக் குடுத்தேன்.”

“ஐயையோ, அபாண்டம்!” என்றார் ஸ்டோர்காரர். “எலி தானா செத்துச்சு சாமி.”

“ஆமாமா. பாவம், அத்தனை எலிக்கும் ஒரே ராத்திரியில வயசாயிடுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் பார்த்த பார்வையில் அடங்கியது. பிக்கு ஸ்டோர்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அதற்கு மேல் தாங்கவில்லை.

“சார்தான் வாங்கிட்டு வரச் சொன்னார்” என்றார்.

“மூட்டைக்கு மூட்டை ஓட்டை போட்டுச்சு. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று தலைவர் சீறினார். “எலிக்கு உபதேசம் பண்ணவா?”

பிக்குவின் காது மடல்கள் சிவந்தன. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

“உயிரைக் கொல்ல மாட்டேன்னு தினமும் காலையில நான் சொல்ல, நீங்க திருப்பிச் சொல்றீங்க. சொல்லி முடிச்ச கையோட உள்ள போய் மருந்து வெக்கிறீங்க. அந்த அரிசியத்தான் எனக்குப் போடுறீங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“அவங்களக் கேக்கறதெல்லாம் இருக்கட்டும் சாமி” என்றாள் அக்காள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். “வித்தது இவரு. வாங்கினது அவங்க. அவங்க கையால நீங்க சாப்பிட்டீங்க. கவுந்தது என் கிண்ணத்துக்கு முன்னால. உங்கள நான் ஏசினேனா? புத்தரைப் பழிச்சேனா? எந்தக் குத்தத்துக்குக் கவுக்கலாம்னு ஒரு முறை இருக்கில்ல? அதுல என் குத்தம் எது?”

அந்த முறை எனக்கும் தெரியும். பிக்குகளை ஏசினால், அவர்களுக்குள் பிளவு மூட்டினால், புத்தரை இகழ்ந்தால் என்று எட்டுக் காரணங்கள் உண்டு. விஷம் விற்பது தவறான தொழில்தான். ஆனால் அந்த எட்டில் அது கிடையாது. அப்படியே காரணம் இருந்தாலும் பிக்குகள் கூடி முடிவெடுத்துத்தான் பாத்திரத்தைக் கவிழ்க்க முடியும். தனியாக ஒருவர் நினைத்து, நின்ற இடத்தில் செய்கிற காரியமல்ல அது.

“எதுவும் இல்ல” என்றார் பிக்கு. “அந்த முறைப்படி குத்தம் உன் மேலயும் இல்ல, உன் வீட்டுக்காரர் மேலயும் இல்ல. கோபத்துல பண்ணினேன். நான் பண்ணினது முறை தப்பு.”

“அப்ப நாளைக்கு வாங்க.”

“வர முடியாதும்மா. நானே கவுத்து நானே நிமித்தினா, இந்த ஊர்ல பாத்திரம் என் கோபத்துக்கு ஒரு நாளும் சமாதானத்துக்கு ஒரு நாளும் ஆடும். தலைமை மடத்துக்கு எழுதணும். அவங்க வந்து விசாரிக்கட்டும். என்னை மாத்தினாலும் மாத்தட்டும்.”

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “எதுக்கு இவ்ளோ தூரம்? மழைக்காலம் வருது, அப்புறம் வேற பிக்கு யாரும் இடம் மாறி வர மாட்டாங்க. உங்கள மாத்திட்டா விகாரையில விளக்கேத்த ஆள் இல்ல. சுலபமா முடிக்கலாம். தம்பி, எழுது. இந்த வீட்டம்மா தன் குடும்பத்தோட தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டாங்க, அதனால பாத்திரம் நிமிர்த்தப்படுதுன்னு எழுது. மன்னிப்புக் கேட்டா நிமித்தறது வழக்கம்தானே? நாளைக்குக் காலையில சாமி அவங்க வாசல்ல நிப்பாரு. எலிப் பேச்சே வேணாம்.”

“அதான் சரி” என்று அத்தான் பாய்ந்தார். கவிழ்ந்த நாளிலிருந்து விகாரைக்கு வருகிற யாரும் அவர் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. “கேட்டுத் தொலைச்சுடு. ஒரு வார்த்தைதானே? வாய் என்ன தேஞ்சா போகும்?”

நாளைக் காலையில் பாத்திரம் அக்காள் வாசலுக்கு வரும். அவள் கேட்டதே அதுதான். பாயின் ஓரத்துக் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

“நான் தப்புப் பண்ணல” என்றாள். “பண்ணேன்னு சொன்னா பொய். பொய் சொல்லி வாங்கின பாத்திரத்துல நான் எப்படிச் சோறு போடுவேன்?”

“பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு!” என்றார் அத்தான்.

“நீங்க வேணா கேளுங்க. நீங்கதானே விக்கிறீங்க.”

“என்னை ஏன்டி இழுக்கற?”

“இத்தனை நாளும் என்னைத்தானே எல்லாரும் இழுத்தீங்க.” பிறகு என்னிடம் திரும்பினாள். “தம்பி, நடந்தத எழுது. எலியும் வரட்டும். என் பேரும் வரட்டும்.”

“எழுதினா அதோட இந்த மேசைய மறந்துடு” என்றார் தலைவர் என்னிடம். “வேற ஆளப் பாத்துக்கறேன்.”

நான் படித்த சிறிய பள்ளியில் கடிதம் எழுதும் முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்: யார், எங்கே, என்ன செய்தார்கள் என்பது முன்னால், உன் அபிப்பிராயம் பின்னால், கேட்டால் மட்டும். அந்த முறைப்படியே எழுதினேன். பாத்திரம் எந்த வாசலில், யாரால், எந்தக் காரணத்துக்காகக் கவிழ்க்கப்பட்டது. பண்டக அறையில் விஷம் வைக்கச் சொன்னவர் யார், வைத்தவர் யார், விற்றவர் யார். அந்த வீட்டுப் பெண் மன்னிப்புக் கேட்க மறுத்தாள், அவள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று பிக்குவே ஒப்புக்கொண்டார் என்பது வரை. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

உரக்கப் படித்துக் காட்டினேன். “எங்க பேரெல்லாம் எதுக்கு?” என்று ஸ்டோர்காரர் முனகினார். தலைவர் கையெழுத்துப் போட மறுத்து, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிக்கு கையெழுத்துப் போட்டார். அவர் பெயருக்குக் கீழே அக்காள் தன் பெயரை எழுதினாள், கோணலாக, ஆனால் முழுசாக.

அத்தான் படியில் நின்று காத்திருந்தார். “அவங்க வர்றதுக்குள்ள நீ கிழவியாயிடுவே. வரவே மாட்டாங்க, பாரு.”

“வராட்டா வராம போகட்டும்” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் எங்களோடு வரவில்லை. தபால் ஆபீஸ் வரை தெருவழியே நடந்தோம். எதிர்வீட்டு மாடிக்காரி கீழே இறங்கி வந்து நின்று பார்த்தாள். அக்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. கவுன்ட்டரில் கவரின் ஓரத்துக்கு அவளே பசை தடவினாள். ஒட்டிய பிறகும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றாள்.

“ஒட்டியாச்சும்மா, விடுங்க” என்றார் குமாஸ்தா எரிச்சலோடு.

விட்டாள். அவர் முத்திரையைக் குத்தி, கவரைப் பின்னாலிருந்த சாக்குக்குள் எறிந்தார்.