கீழ் இடது மூலைக் கட்டம்

சின்னவளின் சக்கர நாற்காலியிலிருந்து பேசும் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. திருகு இறுகிப் போயிருந்தது. கூடத்தில் சின்னவளைக் கிடத்தியிருந்தார்கள். பதினான்கு வயது. அடக்கத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் பள்ளியின் பேச்சுப் பயிற்சி டீச்சர் காலிப் பையோடு வந்து நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அடுத்த பிள்ளை ஒண்ணு காத்திருக்கு. மேல சொல்லிட்டாங்க."

"எடுத்துட்டுப் போங்க டீச்சர். நாங்க வச்சு என்ன பண்ணப் போறோம்."

முன்பெல்லாம் சின்னவளுக்கு வாய் என்றால் ஓர் அட்டைதான். பழைய காலண்டர் அட்டையில் அக்கா எழுத்துகளை எழுதி வைத்திருந்தாள். சின்னவள் ஒவ்வோர் எழுத்தாகக் கண்ணால் காட்டுவாள், அக்கா கூட்டிப் படிப்பாள். அக்காவின் சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்று அந்த அட்டையில்தான் மானத்தை வாங்குவாள். பிறகு பள்ளியில் ஒரு குழு கூடிப் பேசி இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது படக் கட்டங்கள்; அழுத்தினால் அந்தப் படத்துக்கான வார்த்தையைச் சொல்லும். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் அட்டையைக் கண்ணில் காட்டாதீர்கள், அப்புறம் இதைப் பழக மாட்டாள் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவும் அட்டையை அலமாரிக்கு மேலே போட்டாள். அந்தப் புத்தியை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மனசைத் தேத்திக்கங்க. அவ நல்லாத்தான் இருந்தா. கடைசி மூணு நாள்ல மட்டும் 'சந்தோஷமா இருக்கு'ன்னு இருநூறு தடவைக்கு மேல அழுத்தியிருக்கா. எல்லாம் இதுலயே பதிவாகியிருக்கு," என்றார் டீச்சர்.

அக்காவின் கை நின்றது. அந்த மூன்று நாளும் குடல்வால் அழுகிக்கொண்டிருந்த நாள்கள். காய்ச்சல் கொதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"அவ கை கீழ இடது மூலைக்குத்தான் போகும் டீச்சர். அங்க சந்தோஷத்தை வச்சீங்க. வலிக்குதுங்கறதை எங்க வச்சீங்க?"

டீச்சர் கருவியைப் பார்த்தார்.

"நல்ல வார்த்தையா முதல்ல பழகட்டும்னு..."

துடித்த பிள்ளை அந்த ஒரே கட்டத்தைக் குத்திக் குத்திக் கூப்பிட்டிருக்கிறாள். முகத்தைச் சுளித்தபோது, சந்தோஷமா இருக்குன்னு சொல்லிட்டு என்னடி அடம் என்று அதட்டி ஊட்டியது அக்காவின் இதே கைதான்.

"காத்திருக்கிற அந்தப் பிள்ளைக்குக் கை எந்தப் பக்கம் போகும்?"

"இன்னும் பாக்கல."

"பாஸ்வேர்ட் போட்டுத் திறங்க."

"குழுவைக் கேக்காம மாத்தக் கூடாதும்மா."

"மாத்தாம இது வாசலைத் தாண்டாது." அக்கா குரலை உயர்த்தவில்லை.

டீச்சர் எண்களை அழுத்தினார். அக்கா மூலையிலிருந்த சிரித்த முகத்தை அழித்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

"நாளைக்கு அது கை எங்க போகுதுன்னு பாத்து நகத்திக்கங்க. இல்லாம மட்டும் இருக்கக் கூடாது."

சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குது," என்றது கருவி, இத்தனை நாள் சின்னவளுடையதாக இருந்த குரலில்.

கூடத்தில் சின்னவளின் அருகில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.