கை தெரியாத தண்ணீர்

புயல் மழை விட்ட மறுநாள் காலையில், கைப்பம்பு அடியில் குந்தி உட்கார்ந்து, வாளியிலிருந்து குவளை குவளையாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான் குணசேகரன். ஈர விறகை ஊதிக்கொண்டே ரெத்தினம் மகனைப் பார்த்தாள். இருபது எட்டு தூரத்தில் குளம் ததும்பிக் கிடக்கிறது. சின்ன வயதில் அந்தக் குளத்திலிருந்து அவனைக் கரையேற்ற அவள் புளிய விளாரோடு நிற்க வேண்டியிருந்தது. அந்தமானிலிருந்து வந்து இன்றோடு பதினெட்டு நாள். ஒரு நாள்கூட அவன் குளத்தில் கால் நனைக்கவில்லை. குவளைத் தண்ணீர் முகத்தில் விழும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்து, யாரோ துரத்துகிற மாதிரி மூச்சு வாங்கினான். புகை கண்ணில் ஏறியதால்தான் தனக்கு அப்படித் தோன்றுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அங்கே ஒரு தீவில் அவனுக்கு வேலை. சுற்றுலா வருகிறவர்களின் முதுகில் காற்றடைத்த சிலிண்டரை மாட்டி, கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய், மீனையும் பவளத்தையும் காட்டிப் பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். போய் நாலு வருஷமாகிறது. ரெத்தினம் நாற்பத்தாறு வயதில், நூறு நாள் வேலைப் பெண்களுக்கு நடந்த வகுப்பில் எழுத்துப் படித்தவள். அவள் படித்துப் பழகட்டும் என்று தினம் காலையில் போனுக்கு ஒரு வரி அனுப்புவான். ‘இன்னைக்குத் தண்ணி எழுபதடிக்குத் தெரியுது.’ ‘இன்னைக்கு அம்பதடி.’ வரப்பில் உட்கார்ந்து, சேறு படாமல் சுண்டுவிரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு, நடவுப் பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். “அறுபதடி ஆழத்துக்குப் போறான் என் மவன்” என்று அவள் சொல்லிச் சொல்லி, ஊரில் அது தெரியாதவர்கள் இல்லை. புயல் வந்தால் மட்டும், ‘கலங்கல். சிவப்புக் கொடி ஏத்தியாச்சு. எறங்கல’ என்று வரும். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு நிம்மதியாக இறங்கும்.

ஐப்பசியில் அங்கே ஒரு புயல் அடித்து ஓய்ந்தது. இரண்டு நாள் கழித்து வந்த வரியில் ‘கை தெரியல’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வரியே வரவில்லை. கார்த்திகையில் அவனே வந்து நின்றான். “லீவும்மா” என்றான். எத்தனை நாள் லீவு என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

போன வாரம் சாப்பிடும்போது, அவள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

“புயல் போயிட்டாலும் கடலுக்கு அது போவாதும்மா. மேல பளிச்சுன்னு வெயில் அடிக்கும். அடியில மணலு கெளம்பி நிக்கும். அலை அடிவரைக்கும் வந்து ஆளை இப்பிடியும் அப்பிடியும் தூக்கி ஆட்டும். படகு கட்டுற கயிறு அந்துருச்சான்னு பாக்க எறங்குனேன். கையை மூஞ்சிக்கு நேரா வச்சா தெரியல. மேல எது, கீழ எதுன்னு தெரியல.”

“அப்பறம் எப்பிடிய்யா மேல வந்த?”

“மூச்சை விட்டு, கொப்புளம் எந்தப் பக்கம் போவுதுன்னு கையால தடவிப் பாக்கணும். அது போற பக்கந்தான் மேல.” ரசச் சோற்றைக் கையால் அளைந்தான். “அங்க ஒரு சட்டம் இருக்கும்மா. யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், நான் எறங்கலன்னு சொல்லிடலாம். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது.”

அப்படியும் ஓர் ஊர் இருக்குமா என்று ரெத்தினத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. முப்பது வருஷமாக நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவள். காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாளிலும் வாசலில் வந்து நின்று, ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். புருஷன் செத்த எட்டாம் நாளும் கேட்டார்கள். சட்டம் என்று சொன்னானே, அந்தமானில் அவன் அதைச் சொன்னானா, சொல்லாமல் இறங்கினானா என்று அவள் கேட்கவில்லை. சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது.

இன்று அடுப்பு பற்றிக்கொள்ளும் முன்பே, “அக்கா” என்று படலுக்கு வெளியே பர்வதத்தின் குரல் கேட்டது. நடவில் ரெத்தினத்துக்குப் பக்கத்து நிரை பிடிக்கிறவள். முட்டிவரை சேறு. “வைத்தியலிங்கம் ஐயா சேகரு தம்பியை உடனே கூட்டியாரச் சொன்னாங்க. மதகு அடைச்சுக்கிச்சு. வயலெல்லாம் போவப்போவுது.”

வடிகால் வந்து ஆற்றுக்கரையை முட்டும் இடத்தில் இருந்தது மதகு. வயல் தண்ணீர் கரைக்கு அடியில் குழாய் வழியாகப் புகுந்து ஆற்றில் விழ வேண்டும். புயலில் விழுந்த பனை ஒன்று மிதந்து வந்து குழாய் வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதன்மேல் ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக அடைந்துவிட்டது. மிச்சமிருந்த சந்து வழியாகத் தண்ணீர் உறுமிக்கொண்டு போயிற்று. கரை சொதசொதவென்று இருந்ததால் ஜேசிபி குடவாசல் ரோட்டிலேயே நிற்கிறதாம். கதிர் இன்னும் வெளிவராமல் பொதியில் இருக்கிற சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய நின்றது. அதில் கடைசியாக, மதகை ஒட்டிக் கிடந்த மூன்று மா நிலம், ரெத்தினம் குத்தகைக்குச் செய்வது.

“வாப்பா சேகரு” என்றார் வைத்தியலிங்கம். அங்கே நிற்கிற வயலில் பாதி அவருடையது. “அறுபதடி போறவன்னு ஒங்கம்மா சொல்லாத நாளில்ல. இது எட்டடிதான். உள்ள போயி அந்த மரத்துக்குக் கயித்துல ஒரு சுருக்கு மாட்டிட்டு வந்துரு. நாங்க இழுத்துக்கறோம்.”

“சிலிண்டர் இல்லைங்கய்யா. மொகத்துல போடுற கண்ணாடி மட்டுந்தான் இருக்கு.”

“எங்க தாத்தனெல்லாம் மூக்கைப் புடிச்சிக்கிட்டு எறங்குனவங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அவரு மீன் காட்டத்தான் எறங்குவாரு மாமா. பனமரம் காட்டுனா தனி ரேட்டு” என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். குணசேகரனும் சிரித்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கயிற்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். ரெத்தினம் அவன் வாயைப் பார்த்தாள். அது திறந்திருந்தது. கைப்பம்பு அடியில் வாங்கிய அதே மூச்சு. கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. வெயில் வந்துவிட்ட காலையில் குளிர் ஏது? குளத்தில் இறங்காத பதினெட்டு நாளும், நின்றுபோன வரியும், லீவு என்று சொன்னதும் ஒரே முடிச்சாக ஒன்று சேர்ந்தன. இவன் இங்கேயும் ‘எறங்கல’ என்று சொல்லமாட்டான். அறுபதடி என்று அவள் ஊரெல்லாம் அளந்து வைத்த அளவுக்காகவே இறங்கிவிடுவான்.

“ஐயா, செத்த பொறுங்க” என்றாள்.

கரைச்சரிவில் புயலில் சாய்ந்த வாழை ஒன்று கிடந்தது. ஆளுயரம். அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். பர்வதம் ஏன் என்று கேட்காமலே வேரடியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன ரெத்தினம், பந்தல்ல கட்டப்போறியா?” என்றார் ஒருவர்.

ரெத்தினம் மரத்தைத் தண்ணீரில் தள்ளினாள். வாழை முங்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வெள்ளத்தில் பிள்ளைகளுக்குக் கட்டிப்பிடிக்கக் கொடுப்பது அதைத்தான். மரம் சாவகாசமாக மிதந்தது. சுழி அருகில் போனதும் ஒரு வட்டம் போட்டது. பிறகு மெல்ல எழுந்து செங்குத்தாக நின்றது. உச்சியிலிருந்த கிழிந்த இலை படபடவென்று அடித்துக்கொண்டது. காலைப் பிடித்து யாரோ இழுத்த மாதிரி, மொத்த மரமும் உள்ளே போயிற்று. கரைக்கு அடியிலிருந்து மடக்கென்று ஒரு சத்தம் உள்ளங்காலில் கேட்டது.

ஆற்றுப் பக்கம் ஓடிப் பார்த்தார்கள். மரம் வரவில்லை. வெகுநேரம் கழித்து வெள்ளை வெள்ளையாக நார் வந்தது.

“இருந்த அடைப்பு பத்தாதுன்னு நீ வேற ஒண்ணச் சொருவிட்டியா?” என்றார் வைத்தியலிங்கம். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. “கயிறு இருக்குல்ல. எட்டுப் பேரு புடிக்கிறோம். வாழைக்கு ஏது கயிறு?”

“ஆமாம்மா, நவுரு” என்றான் குணசேகரன். அவன் உதடு வெளுத்திருந்தது. “கயிறு இருக்கு.”

“இவன் எறங்க மாட்டான் ஐயா” என்றாள் ரெத்தினம்.

“ஏன்?”

“மாட்டான்.”

“அதான் ஏன்னு கேக்குறேன். ஊரு பயிரு போவுது. ஒம் பயிருந்தான் போவுது.”

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. என் பிள்ளை பயந்து கிடக்கிறான் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பிறகு டீக்கடையிலும் பஸ்ஸிலும் அவன் இருக்கும்வரை விடமாட்டார்கள். அவள் அதை முழுங்கினாள். அவன் இடுப்பிலிருந்து கரையில் நீண்டு கிடந்த கயிற்றை எடுத்துத் தன் முழங்கையில் சுற்ற ஆரம்பித்தாள்.

“நான் வேணாங்கறேன். ஏன்னு கேக்காதீங்க.”

தண்ணீர் கரைக்குள் உறுமியது. வைத்தியலிங்கம் செருப்பிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, கோபமில்லாமல் கேட்டார்: “நாளைக்குக் களைக்கும் அறுப்புக்கும் யாரு வயல்ல எறங்கப்போற ரெத்தினம்?”

அவள் கயிற்றை விடாமல் திரும்பி நடந்தாள். மறுமுனை அவன் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு வரப்பு தாண்டும்வரை அவன் அதை அவிழ்க்காமல் பின்னாலேயே வந்தான். பர்வதம்தான் அவன் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று மாவிலும் பயிர் நுனி தெரியவில்லை. ஜேசிபி நாளைக்கு என்றார்கள். வேறு யாரும் மதகில் இறங்கியதாகச் சேதி இல்லை. தன் பிள்ளைக்குப் பதிலாக வேறு யாராவது இறங்கிவிடுவார்களோ என்று ரெத்தினத்துக்கு அரிசி களையக்கூடக் கை ஓடவில்லை. வாசலில் ஒவ்வொரு காலடிக்கும் திடுக்கிட்டாள்.

பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. குணசேகரன் வாளியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டிருந்தான். குளிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் குவளையை எடுக்கவில்லை. வாளி முன்னால் முட்டி போட்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தான். பிறகு முகத்தை உள்ளே வைத்தான்.

ரெத்தினம் களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவன் காதோரமாகக் கொப்புளங்கள் வந்து உடைந்தன. எண்ணினாள். பதினொன்றுக்குப் பிறகு கொப்புளம் வரவில்லை. தொட்டால் நிமிர்ந்துவிடுவான் என்று தெரிந்தது; அவனாகவே நிமிரட்டும் என்று விட்டாள். அவன் பிடரிக்கு ஒரு விரல் மேலே கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தானும் மூச்சை அடக்கியபடி, கயிறு அழுத்திய தடம் இன்னும் மறையாத அந்த இடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.