அழுக்குப் படாத தாங்கி

கை, கால் தாங்கிகள் செய்யக் கற்றுத்தரும் பட்டறையில் அவளை எல்லோரும் ‘அளவுகோல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் அளந்துவிட்டுத்தான் மறுவேலை. அவளுடைய கூட்டாளிக்குப் பெயர் ‘புயல்’. ஒரு திருகாணியை முடுக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர். இரண்டு மாணவர்களும் ஆறு வாரம் பாடுபட்டு, தையல்கார அக்கா ஒருவருக்குப் பிளாஸ்டிக்கில் கணுக்கால் தாங்கி செய்திருந்தார்கள்.

நோய் வந்து போனதில் அக்காவின் வலது பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிட்டது. நடந்தால் விரல் நுனி தரையில் இடறும். இரண்டு முறை விழுந்திருந்தார். தாங்கியைப் போட்டுக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து ஆசிரியரே மெச்சிக்கொண்டார். ஒரு வாரம் போட்டுப் பழகட்டும், பிறகு தேர்வாளரிடம் காட்டலாம் என்றார்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அக்கா வந்தார்.

“எப்படிக்கா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல.”

புயல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அளவுகோல் தாங்கியைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு நாள் செருப்பில் உரசியிருக்க வேண்டிய அடிப்பாகத்தில் ஒரு கீறல் இல்லை. அக்காவின் முழங்கையில்தான் புதிதாக ஒரு சிராய்ப்பு.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். “இத நீங்க போடவே இல்ல, இல்லையாக்கா?”

அக்கா புடவைத் தலைப்பைத் திருகினார். “முதல் நாளே கழட்டிட்டேன். நீங்க இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க, முகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல? இதப் போட்டா மெஷின மிதிக்க முடியல கண்ணு. பாதம் மரக்கட்டை மாதிரி நிக்குது.”

“நடக்கும்போது மட்டும் போட்டுக்கலாமே?” என்றான் புயல்.

“துணி எடுக்க, அளவெடுக்கன்னு நாளைக்கு இருபது தடவ எந்திரிப்பேன். இருபது தடவயும் மாட்டிக் கழட்டிக்கிட்டிருந்தா, தைக்கிறது நீ வந்து தைப்பியா?”

“நான் தைச்சா தீபாவ‌ளித் துணி பொங்கலுக்குத்தான் வரும்க்கா”  என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அளவுகோல் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். எத்தனை அடி நடப்பீர்கள், எத்தனை படி ஏறுவீர்கள் என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கால் என்ன செய்யும் என்று ஒரு வரி கேட்கவில்லை. இத்தனைக்கும், பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்த அன்று அக்காவின் பாதம் மெஷினில் இருப்பதுபோல் தன்னாலேயே கீழே மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது. “காலை ஆட்டாதீங்கக்கா” என்று இவள்தான் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கால் அன்றே பதில் சொல்லியிருந்தது.

“கணுக்கால் இடத்துல அறுத்து, அசையற மாதிரி கீல் வைக்கணும் சார். முன்பக்கம் எலாஸ்டிக் வார் போட்டா மிதிக்கவும் விடும், பாதத்தைத் தூக்கியும் பிடிக்கும்” என்றாள் ஆசிரியரிடம்.

ஆசிரியர் தயங்கினார். “தேர்வாளர் நடையைத்தான் பார்ப்பாரு. அறுக்கும்போது உடைஞ்சா நாளைக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது.”

“இப்படியே விட்டா காட்டறதுக்கு இருக்கும் சார். போட்டுக்கத்தான் ஆள் இருக்காது.”

அவர் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடவுளே, கோடு தப்பாமல் பார்த்துக்கொள் என்று கண்மூடி வேண்டிவிட்டு அறுத்தாள். இடப்பக்கம் சரியாக வந்தது. வலப்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புயல் அதை வாங்கி, விரிசல் மேலே ஓடாதபடி அதன் முனையில் ஒரு சின்னத் துளை போட்டான். ஒட்டுத்தகடு வைத்து ஒவ்வோர் ஆணியாக இறக்கினான். அன்று யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் கீலும் வாரும் பொருத்தினாள்.

மறுநாள் தேர்வாளர் ஒட்டுத்தகட்டைப் பார்த்து முகம் சுளித்து, மதிப்பெண்ணைக் குறைத்தார்.

அடுத்த வாரம் இருவரும் தையல் கடைக்குப் போனார்கள். தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. அக்கா காலை நீட்டிக் காட்டினார். வார் உறுத்தும் இடத்துக்கு மெத்தென்று ஒரு துணி உறை தைத்துப் போட்டிருந்தார்; தாங்கியோடு மிதித்த முதல் தையல் அதுதானாம்.

“நல்லா இருக்கும்மா” என்றார்.

“உங்க பேச்ச நம்ப முடியாது. கழட்டுங்க, பாக்கலாம்.”

அக்கா சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அளவுகோல் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் முழுக்கக் கீறலும் அழுக்குமாக இருந்தது.