கூரையில்லாத எஞ்சின்

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் பல்செட் செய்வார். மிச்ச நேரத்தில், கடையில் வாங்கிய சிறிய பொம்மை நீராவி ரயில் எஞ்சின்களை அறுத்து, அரத்தால் ராவி, பழங்காலத்து எஞ்சினாக மாற்றுவார். காலத்துக்குப் பொருந்தாத ஒரு விளக்கு இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய அத்தான், அக்காவின் கணவர், நெஞ்சு நோயில் படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டரும் கையை விரித்துவிட்டார். தன் அப்பா ஓட்டிய எஞ்சினை ஒரு தடவை பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அத்தான் கேட்டது. பல்லுக்காரர் ஒரு பழைய புகைப்படத்தைத் தேடிப்பிடித்தார். அதில் கண்டபடியே குட்டைப் புகைபோக்கியை நீட்டி, மின்விளக்கை எடுத்துவிட்டு எண்ணெய் விளக்கு பொருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அத்தான் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார். குரலில் ஏதோ இடறியது. பல்லுக்காரர் விடாமல் துருவிக் கேட்டார். அப்பா காலத்தில் ஓட்டுநர் நிற்கும் இடத்துக்குக் கூரையே கிடையாதாம். மழையோ பனியோ, தலையில்தான். நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச்சேர்ந்த பிறகுதான் கூரை போட்டார்களாம். படத்தில் இருந்தது அந்தக் கூரை போட்ட பிறகு எடுத்தது.

பல்லுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. படம் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் அவர் வேலையில் இறங்கியதே இல்லை. அவசரத்தில் கோட்டைவிட்டுவிட்டார். பையிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்துக் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்தார்.

"கடவாப்பல்லுன்னு நெனச்சு ஆட்டிப்புடாத மாப்ளே" என்று அத்தான் மெல்லச் சிரித்தார். வாசலில் நின்ற அக்காவும் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூரையின் ஒரு கால் அறுந்தது. அத்தானின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"விட்டுரு மாப்ளே."

"இன்னும் மூணு கால்தான் அத்தான். சரியான காலத்துக்கு வந்துரும்."

"வரவேணாம்." மூச்சு வாங்கியது. "இந்த எஞ்சின்லயாவது எங்கப்பா நனையாம இருக்கட்டும்."

பல்லுக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அறுத்த காலைத் திரும்பப் பொருத்திப் பசை தடவி, அது இறுகும்வரை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தார். அத்தான் அதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்தார். மறுபடி விழிக்கவில்லை.

சாகிறவனுக்கு மனிதனால் செய்ய முடிந்தது சில சமயம் இவ்வளவுதான். கடவுள் இதையும் கணக்கில் வைக்காமலா போவார்?

இப்போது அந்த எஞ்சின் பல்லுக்காரர் வீட்டு அலமாரியில் நிற்கிறது. விவரம் தெரிந்த கூட்டாளிகள் வந்தால், அந்தக் காலத்து எஞ்சினுக்குக் கூரை ஏது என்று கேலி செய்வார்கள்.

"ஆமா, தப்புதான்" என்று ஒத்துக்கொண்டு, கூரைமேல் படிந்த தூசியைத் துடைத்துவிடுவார்.