பிழையில்லாத பிரதி

நானும் ரவூஃபும் கல்லூரியிலிருந்தே சேர்ந்து படித்தவர்கள். கடைசியாகப் பதிப்பிக்க எடுத்தது சூரியக் கடிகாரம் அமைப்பது பற்றிய பழைய அரபு நூல். எழுதியவர் பெயர் தெரியாது. இளமையில் ரவூஃப் டாக்டர் பட்டம் வாங்கியதே அந்த நூலில்தான்.

அதற்கு இரண்டே கையெழுத்துப் பிரதிகள். கெய்ரோப் பிரதி பிழைகளின் மூட்டை. அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அலெப்போப் பிரதியின் புகைப்படங்களை ரவூஃப் உரக்கப் படிப்பான். நான் தட்டச்சுத் தாளில் கண்ணை வைத்து வேறுபாடுகளைக் குறிப்பேன். படியெடுத்தவர் தவறாக எழுதியிருந்தால் தவறாகவே படிக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் நாணயம்.

அலெப்போப் பிரதி அவன் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது.

"இந்த மாதிரி படியெடுக்கற ஆளு இங்க இருந்தா நமக்கு வேலையே இருக்காது இக்லால்," என்பான்.

"உனக்கு இப்பவே வேலை இல்ல டாக்டர். டீயக்கூட நான்தான் ஊத்தித் தர்றேன்."

படியெடுத்தவர் கணிதம் கற்ற மேதை என்று முன்னுரையில் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து தள்ளினேன். அந்தப் பிரதியையே அடிப்படையாகக் கொள்வதென்று முடிவாயிற்று.

அச்சுக்கு ஒரு பக்கத்தின் படம் வேண்டியிருந்தது. தேடியபோதுதான் அந்தப் புகைப்படங்களை முதல்முறையாக நானே படித்தேன். நண்பகல் நிழல் தெற்கே விழும் என்று இருந்தது. ரவூஃப் வடக்கே என்று படித்திருந்தான். கெய்ரோவில் குழந்தைக்கும் தெரியும், வடக்கேதான் சரி. அடுத்த பக்கத்தில் ஒரு வரியே விட்டுப்போயிருந்தது. ரவூஃப் அதையும் படித்திருந்தான். புரட்டப் புரட்ட இப்படியே வந்தது. நான் புகழ்ந்த மேதை ரவூஃப்தான்.

மறுநாள் புகைப்படத்தை அவன் முன் வைத்தேன்.

"இந்த வரியப் படி."

"நண்பகல் நிழல் வடக்கே..."

"எழுதியிருக்கறதப் படி ரவூஃப்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எப்போலேர்ந்து?"

"போன நோன்புக்கு முன்னாலயே. கண்ணுக்கு நடுவுல புகை மாதிரி நிக்குது. ஓரத்துல கொஞ்சம் தெரியும். மீதிதான் எனக்கு மனப்பாடமாச்சே."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா இந்த நாற்காலில வேற ஆள உட்கார வெச்சிருப்ப."

உண்மைதான், வைத்திருப்பேன்.

"நான் படிச்சதுல ஏதாவது தப்பிருக்கா?" என்று கேட்டான்.

"ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

முன்னுரையைக் கிழித்தேன். அவன் வீட்டோடு இருந்துவிட்டான். ஷெரீன் என்ற புதிய சக ஆய்வாளரை வைத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"எப்படிப் படிக்கிறா?"

"சூரியக் கடிகாரம்னா என்னன்னே தெரியாது. இருக்கற தப்பெல்லாம் அப்படியே வருது."

"நல்லதாப் போச்சு. அவளையே வெச்சுக்கோ." ஆனால் போனை வைக்கவில்லை. "இன்னிக்கு எங்க நிறுத்துனீங்க?"

சொன்னேன். அங்கிருந்து அவனே படிக்கத் தொடங்கினான், நிறுத்தி நிதானமாக, எதிரில் பக்கம் இருப்பதுபோல. என் கையிலிருந்த புகைப்படத்தில் வரிக்கு வரி பிழை. அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் எதையும் குறிக்கவில்லை. போதும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.