ஆரஞ்சுத் தோல்

பழைய சட்டையில் சுற்றிவைத்திருந்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துத் தம்பி சாப்பாட்டு மேசையில் வைத்தபோது அவள் அடுப்படியில் பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. எண்ணெய் பாட்டில் மேசையில் உட்காரும் சத்தம் வேறு. கனத்த அடிப்பாகம் கொண்ட இந்த பாட்டில் மரத்தில் மெதுவாக, திருட்டுத்தனமாக உட்காரும் சத்தத்தைப் படுக்கையறையில் கண்ணை மூடிக்கொண்டு வருஷக்கணக்காகக் கேட்ட காது அவளுடையது. கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றாள்.

"என்னடா இது?"

"அக்கா, கத்தாத. ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு."

"கத்தலடா. இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

மேசையின் மறுபக்கம் கணவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் ஏறிக் கறுத்த கட்டைவிரல் நகத்தால், தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக உரிப்பான். கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்த நாளிலிருந்து இதுதான் அவனுடைய சாயங்காலம். முன்பெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு குடிக்கக் கிளம்பிய நேரத்துக்குச் சரியாக இப்போது வந்து மேசையில் உட்கார்வான். உரித்து, வெள்ளை நார் நீக்கி, சுளைகளைத் தட்டில் அடுக்கி அவள் பக்கம் தள்ளுவான். அவன் ஒன்றைக்கூடத் தின்றதில்லை. "நீ சாப்பிடு, எனக்குப் புளிப்பு ஆகாது" என்பான். கல்யாணமானதிலிருந்து அதுவரை அவளுக்காக அவன் எதையும் உரித்துக் கொடுத்தது கிடையாது. சந்தைக்குப் போய் ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்துப் பொறுக்கி வாங்குவது அவள்தான். வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், கூட வேலை செய்பவளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்: "சனியன் போன இடத்துல ஆரஞ்சு வந்து உக்காந்திருக்குடி."

தம்பி பத்திரிகையில் விஸ்கியைப் பற்றி எழுதுகிறவன். ஒவ்வொரு மாதமும் ஒரு பாட்டில். என்ன நிறம், என்ன மணம், நாக்கில் எப்படி இறங்குகிறது, தொண்டையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஒரு பக்கத்துக்கு. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'மூக்கு'. எழுதி முடித்த மிச்சத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவருவான். மாமாவும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து குவளையைச் சுழற்றிச் சுழற்றி முகர்ந்த காலம் ஒன்று உண்டு. 'மாமாவோட மூக்கு என் மூக்கைவிடப் பெருசு' என்று இவன் சிரிக்க, அவனும் சிரிக்க, இவன் வீட்டுக்குப் போன பிறகு அவன் மட்டும் பாட்டிலின் அடிவரைக்கும் போவான். அங்கிருந்து மலிவுச் சரக்குக்குப் போனான்.

"போன மாசம் ஜுரம் வந்துச்சுல்ல? அதோட மூக்கு போயிடுச்சுக்கா" என்றான் தம்பி. "ஒண்ணுமே தெரியல. காபி வெறும் சுடுதண்ணி மாதிரி இருக்கு. பால் திரிஞ்சது தெரியாமக் குடிச்சேன். போன தடவை பழசப் பாத்து ஒப்பேத்திட்டேன். இது புதுசு. இந்தியன் சிங்கிள் மால்ட் விஸ்கி, இப்ப எல்லாரும் இதைப் பத்தித்தான் பேசறாங்க. நாளைக்குக் கொடுத்தாகணும். விஷயம் வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான், என்னைத் தூக்கிருவாங்க. எனக்கு வேற என்னக்கா தெரியும்?"

ஒரு கணம் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியம் வரும்வரை.

"மாமா மோந்து மட்டும் பாக்கட்டும். வாயில வெக்கவே வேணாம். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிறு ஊதிக் கிடந்தவனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன் இவன். 'இனிமே அந்தப் பக்கமே வர மாட்டேன்க்கா' என்று மூக்கைச் சிந்தியவன். அந்த மூக்கு போன மறுமாதமே பாட்டிலும் கையுமாக வந்து நிற்கிறான்.

"மோந்து பாக்கறதுல என்ன இருக்கு" என்றான் கணவன்.

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. பாட்டிலைப் பார்த்துச் சொன்னான். குரல் சாதாரணமாக இருந்தது. சாதாரணமாக இருக்கவேண்டும் என்று பாடுபட்டுச் சாதாரணமாக இருந்தது. 'முனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்' என்று சொல்லும் பழைய குரல். இரண்டு வருஷமாக அவள் கேட்காத குரல் அது. செத்துப் போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அவனுக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தம்பி அதற்குள் பையிலிருந்து எடுத்த, அடி பருத்து வாய் குறுகிய குவளையில் கொஞ்சம் ஊற்றி, மேலே சின்னத் தட்டைக் கவிழ்த்தான். "மூடி வெச்சாத்தான் மணம் சேரும்" என்றான். பதற்றத்தில் அவனுக்குப் பேச்சு அதிகம் வரும். "நம்ம வெயிலுக்கு, விஸ்கி ஊற வெக்கற பீப்பாய்லேருந்து எவ்வளவோ ஆவியாப் போயிடும்க்கா. அதுக்குத் தேவதைங்க பங்குன்னு பேரு."

"தேவதைங்க பங்கா?" என்றாள். "இந்த வீட்டுல அந்தப் பங்கு யாருக்குடா வந்துச்சு? அவரு குடிப்பாரு, ராத்திரி முழுக்க ஆவி என் மூஞ்சில. நான் என்ன தேவதையா?"

கணவனின் கை ஆரஞ்சை வைத்துவிட்டு, மேசைமேல் மெதுவாக நகர்ந்தது. கிரீஸ் கறுத்த விரல் தட்டின் விளிம்பைத் தொடுவதற்குள் அவள் எட்டிக் குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். சோப்பு நுரை மேசையெல்லாம் சிதறியது.

"எழுதுடா. நான் சொல்றேன்."

"அக்கா, நீ..."

"இந்த வீட்டுல இதை அதிகமா மோந்தது நான்தான். எழுது."

கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தட்டை நீக்கினாள். தலையணை உறையில், சட்டைக் காலரில், குளியலறைத் தரையில் துடைத்தெடுத்த அந்த நாற்றம் வரட்டும், அதை அப்படியே இவன் பத்திரிகையில் போடட்டும் என்று குனிந்தாள்.

அது வரவில்லை. தேன் வந்தது. வெயிலில் சுருங்கிய திராட்சை. இழைப்புளி ஓடிய புது மரம். அதற்குப் பின்னால் மருத்துவமனையில் அவள் தினமும் பஞ்சில் நனைக்கும் கிராம்புத் தைலம், அதைவிட இதமாக. அவள் மூக்கை எடுத்து, மறுபடி வைத்தாள். கோபம் தலைக்கேறியது. நாறியிருந்தால் மன்னித்திருப்பாள். இத்தனை வருஷமும் ஒரு சாக்கடையிடம் புருஷனைப் பறிகொடுத்ததாக நினைத்து ஆறியிருந்தாள். இது சாக்கடை இல்லை. அவனுக்குள் போன பிறகுதான் சாக்கடை ஆகியிருக்கிறது.

"நல்லாயிருக்குடா" என்றாள், சாபம் விடுவதுபோல. ஒரு வாய் உறிஞ்சினாள். நாக்கு சுட்டது, பிறகு இனித்தது. விழுங்காமல் அடுப்படித் தொட்டிக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள். "தேன். திராட்சை. கிராம்பு. எழுதினியா?"

"எழுதறேன்க்கா." போனில் அவன் விரல்கள் பறந்தன. "கடைசில என்ன நிக்குது? கொஞ்ச நேரம் பொறுத்துச் சொல்லு. சீக்கிரம் போயிடுதா?"

"எங்கடா போகுது. அப்படியே நிக்குது. கசப்பா... இல்ல, கசப்பு மாதிரி ஒண்ணு. தெரிஞ்ச வாசனைதான்." கண்ணை மூடினாள். வாய்க்குள் எதுவுமில்லை, மூக்கின் பின்புறத்தில் மட்டும் அது மேலேறி வந்தது. எண்ணெய்ப் பிசுக்கான, கூர்மையான மணம். எங்கேயோ அல்ல, தினமும், இங்கே, இதே நேரத்தில். கண்ணைத் திறந்தபோது கணவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் உள்ளங்கையில் தோல் நாடா சுருண்டு கிடந்தது. சுளையை அவளிடம் தள்ளிவிட்டு, தோலை இரண்டாக மடித்து, அழுத்தி, மூக்கருகே வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"ஆரஞ்சுத் தோல்" என்றாள்.

"ஆமாக்கா!" என்றான் தம்பி. "இந்த மால்ட்டோட அடையாளமே அதுதான்னு படிச்சேன். கரெக்டாப் புடிச்சுட்ட. உன் மூக்கு..."

"எந்திரி."

"அக்கா?"

"பாட்டில எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போடா. உனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சுல்ல?"

குவளையையும் பாட்டிலையும் சட்டையில் சுருட்டிக்கொண்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே அவன் படியிறங்கினான். அவள் கதவை அறைந்து சாத்தினாள். மேசையில் நுரை அடங்கி வெறும் ஈரமாகியிருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"மொதல்லேருந்து." அவன் தலை நிமிரவில்லை. "சரக்குல வர்ற அதே வாசம்தான் தோல்ல. குடிக்கலயே. சத்தியமா ஒரு சொட்டுக் குடிக்கல. அது இருந்ததாலதான் குடிக்கல."

"நான் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிட்டு வந்தேன். மோந்து மோந்து."

"வேற பழம் வாங்கிக்கலாம்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டில் இன்னொரு பழம் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசலாம் என்று தோன்றியது. கை எடுத்தும் விட்டது. பிறகு அவன் முன்னால் மேசையில் ஓங்கி வைத்தாள்.

"உரிங்க."

அவன் உரித்தான். நகம் இரண்டு இடத்தில் வழுக்கியது. இருந்தும் தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக வந்தது. வழக்கம்போல நார் நீக்கிச் சுளைகளைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் தட்டை அவன் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, அவன் கையிலிருந்த தோலை எடுத்துத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். எண்ணெய் கசிந்து விரலிடுக்கில் இறங்கியது. அவன் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டு, புளிப்பில் முகம் கோண மென்றுகொண்டே, அவளுடைய மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.